பாசியும் பச்சிலையும்

பாகூர் ஏரியைக் கரை நிரம்பிய காலத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பெண்ணையாற்று நீர் வந்து சேர்ந்துவிட்டால், கண்ணுக்கு எட்டிய மட்டும் நீர்; அதற்கப்பால் பச்சை வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூர்க் கொம்யூனை அழைப்பதில் மிகை ஒன்றுமில்லை.

ஆயினும், அண்மையில் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது நம் மனத்தில் பதிந்தது ஏரியன்று. ஒரு வீட்டுக் கிணற்றடியில் கண்ட காட்சி. வீட்டு அம்மாள் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுத் தேங்காய் நாரினால் தேய்த்துக் கொண்டிருந்தார். குடம் பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. "நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதாதா, அம்மா?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ளே வழவழன்னு இருக்குதுங்களே, ஐயா. அது தண்ணிக்கு அசையுமா? நார் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும்" என்றார்.

திண்ணையில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். வயது அறுபது இருக்கலாம். அவருடைய இடது பாதம் வெள்ளைத் துணிக் கட்டுக்குள் இருந்தது. அந்தக் கட்டுக்குள் விரல்கள் மூன்றுதான் என்பதைப் பிறகு அறிந்தோம். மற்ற இரண்டும் நகரத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டன.

குடத்தின் வழவழப்புக்கும் அந்தப் பெரியவரின் விரல்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தைச் சொல்வதற்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்தோம். நேயர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும்.

குடத்தின் உட்புறத்தில் படியும் வழவழப்பு உண்மையில் ஒரு குடியிருப்பு. பாக்டீரியா என்னும் கிருமிகள் அங்கே கோடிக்கணக்கில் கூடி வாழ்கின்றன. நீரில் தனியே மிதந்து திரியும் கிருமி ஒரு பரப்பைக் கண்டால் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் பல்கிப் பெருகுகிறது. தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சத்தும் புரதமும் கலந்த ஒரு பசையைச் சுரந்து, அதையே கூரையாகவும் சுவராகவும் ஆக்கிக்கொள்கிறது. உணவு உள்ளே வரவும் கழிவு வெளியே போகவும் இடையிடையே வாய்க்கால்கள்கூட உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பயோஃபிலிம் என்கிறார்கள். நாம் கிருமிப் படலம் என்று சொல்லிக்கொள்வோம்.

இதை முதன்முதலில் கண்டவர் ஒரு துணி வியாபாரி. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லேவன்ஹுக் என்பவர், தாமே செய்த பூதக்கண்ணாடியைக் கொண்டு 1683-ஆம் ஆண்டில் தம்முடைய பல்லில் படிந்த ஊத்தையை எடுத்துப் பார்த்தார். அதில் எண்ணிறந்த ஜீவன்கள் நெளிவதைக் கண்டார். வினிகர் என்னும் காடியால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். ஊத்தையின் மேற்புறத்துக் கிருமிகள் மாண்டன. உள்ளே இருந்தவை உயிரோடு இருந்தன. கிருமிப் படலத்தின் குணம் முழுவதும் அந்த ஒரு சோதனையில் அடங்கியிருக்கிறது. ஆனால் உலகம் அதைக் கண்டுகொள்ள மூன்று நூற்றாண்டு ஆயிற்று. கிருமிகள் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்வதே இயற்கையில் பெருவழக்கு என்பதைக் கானடா தேசத்து விஞ்ஞானி காஸ்டர்ட்டனும் அவருடைய சகாக்களும் 1978-ல் எடுத்துக் காட்டிய பிறகே வைத்திய உலகம் விழித்துக்கொண்டது.

விழித்துப் பார்த்தால் எங்கும் படலம். பல் ஊத்தை ஒரு படலம். நோயாளிக்குச் சிறுநீர் இறங்க வைக்கும் ரப்பர்க் குழாயின் உட்புறத்தில் ஒரு படலம். செயற்கை மூட்டிலும் செயற்கை இருதய வால்விலும் படலம். நாட்பட்டு ஆறாத புண்ணின் அடித்தளத்திலும் படலமே.

மருந்து கொடுத்தால் சாகாதா என்று கேட்கலாம். தனியே திரியும் கிருமியைக் கொல்லும் மருந்தின் அளவு, படலத்துக்குள் புகுந்த அதே கிருமிக்குப் பல சமயம் போதுவதில்லை; பத்து மடங்கு முதல் 1,000 மடங்கு வரையிலும் தேவைப்படுவதாகக் கண்டிருக்கிறார்கள். பசை மருந்தைத் தாமதப்படுத்துவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடியில் உள்ள கிருமிகள் பாதித் தூக்கத்தில் கிடப்பது. பெனிசிலின் இனத்து மருந்துகள், கிருமி தன் உடற்சுவரைக் கட்டும் சமயம் பார்த்து அதைக் கெடுப்பவை. கட்டட வேலையே நடக்காத வீட்டில் கொத்தனாரைத் தடுத்து என்ன பயன்? மருந்து முடிந்து நான்கு நாளானதும் தூங்கியவை எழுந்து மறுபடியும் குடித்தனம் தொடங்குகின்றன. "மருந்து சாப்பிடும்போது நன்றாக இருந்தது, விட்டதும் திரும்பிவிட்டது" என்று நோயாளிகள் சொல்வதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று.

நிற்க. இக்கிருமிகள் எந்த நேரத்தில் படலம் கட்டுவது என்று எப்படித் தீர்மானிக்கின்றன? இதை விளக்க வில்லியனூரை அடுத்த கீழூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். இந்தியாவோடு இணைவதா என்ற கேள்விக்கு 170 பேர் ஆம் என்று வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறிற்று. அந்தப் பிரதிநிதிகளில் ஒருவரோ இருவரோ தனியே நின்று தீர்மானம் போட்டிருந்தால் யார் மதித்திருப்பார்கள்? சபைக்குக் கோரம் என்று ஒரு கணக்கு உண்டு. அத்தனை பேர் கூடினால்தான் சபை சபையாகும், தீர்மானம் தீர்மானமாகும்.

கிருமிகளும் இந்தச் சபை விதியை அறிந்திருக்கின்றன! ஒவ்வொரு கிருமியும் ஒரு ரசாயனப் பொருளைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. அது ஒருவகை வருகைப் பதிவு என்று கொள்ளலாம். சுற்றிலும் அப்பொருள் அதிகமாயிருந்தால், "நம்மவர் போதுமான பேர் வந்துவிட்டார்கள்" என்று அறிந்துகொள்கிறது. உடனே எல்லாம் ஒருங்கே வேலையைத் தொடங்குகின்றன: பசை சுரக்கின்றன, நஞ்சு வெளியிடுகின்றன, படலம் கட்டுகின்றன. கடலில் ஒளிவிடும் ஒருவகைக் கிருமி கூட்டம் பெருகிய பிறகே ஒளிவிடுவதைக் கண்டு, அமெரிக்காவில் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் என்பவர்களும் அவர்களுடைய சகாவும் 1970-ல் இந்த விந்தையை வெளியிட்டார்கள். 1994-ல் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தபோது கோரம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால், கிருமிகளைக் கொல்லாமலே அவற்றின் சபையைக் கலைக்க முடியுமல்லவா? வருகைப் பதிவைக் குழப்பிவிட்டால் கோரம் சேராது. கோரம் சேராவிட்டால் படலம் கட்டாது. படலமற்ற கிருமியை மருந்தும் உடலின் சொந்தக் காவலும் சுலபமாக முடித்துவிடும். பச்சிலை இந்தக் கதையில் பிரவேசிப்பது இந்த இடத்திலேதான்.

மரஞ்செடிகளை எண்ணிப் பாருங்கள். கிருமிகள் நிறைந்த மண்ணில் வேரூன்றி நிற்கின்றன. ஓடி ஒளிய இயலாது. நமக்கு இருப்பதுபோல் இரத்தத்தில் சுற்றிக் காவல் காக்கும் வெள்ளணுக்களும் அவற்றுக்கு இல்லை. ஆகவே ரசாயனத்தையே ஆயுதமாகக் கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரக் கடலில் டெலிசியா என்னும் சிவப்புப் பாசி ஒன்று வளர்கிறது. சுற்றியுள்ள பாறைகளெல்லாம் வழவழவென்று படலம் பூத்துக் கிடக்க, இதன் இலைபோன்ற பரப்பு மட்டும் சுத்தமாயிருப்பது எப்படி என்று ஸிட்னி நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். கிருமிகளின் வருகைப் பதிவைக் குழப்பும் பொருள்களை அது சுரப்பதாக 1990-களில் தெரியவந்தது. அப்பொருள்கள் மனிதருக்கு மருந்தாகக் கொடுக்க முடியாதபடி நச்சுத்தன்மை உடையவை. ஆனால் வழி திறந்துவிட்டது. உலகமெங்கும் தாவரங்களைத் துருவ ஆரம்பித்தார்கள்.

நம் நாட்டவரும் பின்தங்கவில்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக் கழகத்தில் பேராசிரியர்கள் கருத்தபாண்டியன், வீர ரவி முதலியோரும் அவர்களுடைய மாணவர்களும் நமது அஞ்சறைப் பெட்டியையே ஆராய்ச்சி சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சீரகத்தின் சாறும் அதோடு சம்பந்தப்பட்ட மெதில் யூஜினால் என்னும் பொருளும் கிருமிகளின் கோரத்தைக் கலைத்துப் படலத்தைக் குறைப்பதாக 2012-ல் வெளியிட்டார்கள். சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் கிருமிகள் படலம் கட்டுவதை மஞ்சளின் குர்க்குமின் தடுப்பதாகவும், குர்க்குமினோடு சேர்த்துக் கொடுக்கும்போது வழக்கமான மருந்துகள் அக்கிருமிகளிடம் கூடுதலாக வேலை செய்வதாகவும் 2014-ல் எழுதினார்கள். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக் கழகத்து நுண்ணுயிரியல் துறையினரும் இதே வழியில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். கோபன்ஹேகனில் வெள்ளைப் பூண்டின் அஜோயீன் என்னும் பொருள் ஒரு பொல்லாத கிருமியின் சபையைக் கலைப்பதாக 2012-ல் கண்டார்கள்.

வேப்பங்குச்சியை எடுத்துக்கொள்வோம். ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துப் பேசும் பழமொழி நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். 1996-ல் கலிபோர்னியாவில் வேப்பங்குச்சியின் சாற்றைப் பல் ஊத்தை உண்டாக்கும் கிருமிகளிடம் சோதித்தார்கள். அந்த அளவுச் சாற்றில் கிருமிகள் சாகவில்லை, தாராளமாக வளர்ந்தன. ஆனால் பல்லின் பரப்பைப் போன்ற பொருளில் ஒட்டிக்கொள்ள மாட்டாமல் திண்டாடின! நம் பாட்டனார் வாசற்படியில் உட்கார்ந்து குச்சியை மென்று பல்லைத் தேய்த்தபோது, நாரின் தேய்ப்பு ஒரு பக்கமும் சாற்றின் வேலை மற்றொரு பக்கமுமாகப் படலத்தை இருமுனையில் தாக்கிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

இதையெல்லாம் படிக்கும்போது தேசாபிமானிகளின் நெஞ்சு நிமிர்வது இயற்கை. நம்முடைய நெஞ்சும் நிமிர்ந்தது. இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வந்தது. மஞ்சளைப் புண்ணுக்கு மருந்தாகப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு, டாக்டர் மஷேல்கர் தலைமையில், 1996-ல் வழக்காடியது. பழைய ஏடுகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் 32 ஆதாரங்களை எடுத்துவைத்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று. வேம்பைப் பற்றிய ஒரு காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-ல் ரத்துசெய்து 2005-ல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நாமும் அப்பொழுது மிட்டாய் வழங்காத குறையாகக் குதூகலித்தோம்.

ஆனால், பாகூர்த் திண்ணையில் அந்தப் பெரியவரின் பாதத்தைப் பார்த்த பிறகு நம் குதூகலத்தை நாமே சற்று விசாரணை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. வயலில் வெறுங்காலோடு நடந்தபோது எதுவோ குத்தியது. என்ன குத்தியது, எப்பொழுது குத்தியது என்று அவருக்கே தெரியாது. நாட்பட்ட சர்க்கரை வியாதியில் பாதத்தின் உணர்ச்சி மரத்துப் போவதுண்டு. புண் பெரிதான பிறகே மனைவியின் கண்ணில் பட்டது. அந்த அம்மாள் என்ன செய்தார்? நம் தாய்மார்கள் செய்வதையே செய்தார். மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அம்மியில் மைய அரைத்துப் பற்றுப் போட்டார். வலி இல்லை, ஆகையால் ஆறி வருகிறது என்று நம்பினார்கள். இப்படி ஐந்து வாரம் சென்றது. செவிலியர் படிப்புப் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது, புண் உள்ளே புரையோடி எலும்பைத் தொட்டிருந்தது.

"மஞ்சளைத்தானே வச்சோம், ஐயா! விஷத்தையா வச்சோம்?" என்று அந்த அம்மாள் நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் நம் காதை விட்டுப் போகவில்லை.

காப்புரிமை வழக்கில் நாம் வென்றது எதை நிரூபித்தது? இந்த உபயோகத்தை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்பதை நிரூபித்தது. வேறெவரும் அதைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பதை நிரூபித்தது. மஞ்சள் எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை. உரிமையில் கிடைத்த வெற்றியை நாம் வைத்தியத்தில் கிடைத்த வெற்றியாக எண்ணிக்கொண்டோம்.

காரைக்குடியிலும் கோபன்ஹேகனிலும் நடந்தவையோ கண்ணாடித் தட்டில் நடந்தவை. தட்டில் உள்ள கிருமியின்மீது அளந்து ஊற்றிய தூய பொருள் நேராகப் போய்ச் சேர்கிறது. மனித உடம்பில் அப்படியன்று. குர்க்குமின் நீரில் கரைவதே அரிது. உட்கொண்டால் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சேர்ந்ததும் விரைவில் சிதைந்துவிடுகிறது. பற்பல சோதனைகளில் அது வேலை செய்வதுபோல் போக்குக் காட்டி ஆராய்ச்சியாளரை ஏமாற்றக்கூடிய பொருள் என்று 2017-ல் மருந்து ரசாயன நிபுணர்கள் எச்சரித்தார்கள். பூண்டின் கதையும் இவ்விதமே. நுரையீரலில் கிருமிப் படலம் குடிகொண்ட நோயாளிகளுக்கு இங்கிலாந்தில் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஒரு சிறு பரிசோதனையின் முடிவு 2010-ல் வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் பூண்டு மாத்திரை உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வீட்டு அம்மியில் அரைத்த பற்றோ இன்னும் ஒரு படி கீழே. அதில் குர்க்குமின் எவ்வளவு என்பதற்கு அளவில்லை. அம்மியும் கையும் தண்ணீரும் கொண்டுவரும் கிருமிகளுக்குக் கணக்கில்லை. கடைப் பொடியானால், நிறம் எடுப்பாயிருக்க ஈயக் குரோமேட் கலக்கும் அக்கிரமம் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், பற்று புண்ணை மூடி மறைத்து நாட்களைத் தின்றுவிடுவது. மஞ்சள் விஷமாக வேலை செய்யவில்லை என்பது மெய்தான். அந்த ஐந்து வாரம் விஷமாக வேலை செய்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன செய்தார்கள் என்று மகள் நமக்கு விவரித்தாள். இரத்த ஓட்டம் பாதம் வரை வருகிறதா என்று பார்த்தார்கள். சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிருமி எது என்று சோதித்து அதற்குரிய மருந்தைக் கொடுத்தார்கள். இவை எல்லாவற்றோடும், புண்ணின் அழுகிய தசையையும் அடித்தளத்துப் படலத்தையும் கத்தியால் வழித்து, சுரண்டி, சுத்தம் செய்தார்கள். அதையும் ஒரு முறையோடு விடாமல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். படலம் மறுபடி கட்டிக்கொள்ளும் ஆகையால் மறுபடி வழிக்க வேண்டியிருக்கிறது.

கிணற்றடி அம்மாள் சொன்னது நேயர்களுக்கு இப்போது நினைவு வரும். வழவழப்பு தண்ணீருக்கு அசையாது. நார் போட்டுத் தேய்க்க வேண்டும். குடத்தின் விஷயத்தில் அந்த அம்மாள் நன்கு அறிந்திருந்த சாஸ்திரத்தையே வைத்தியர்கள் அவருடைய கணவரின் காலில் பிரயோகித்தார்கள். புண்ணுக்கும் அது பொருந்தும் என்று அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமற் போயிற்று. அந்தக் குற்றம் அவருடையதன்று. படித்தவர்களாகிய நம்முடையது.

இது ஒரு வீட்டுக் கதையென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. தேசத்தில் சர்க்கரை வியாதி உடையவர்கள் 10 கோடிக்கு மேல் என்று அது மதிப்பிட்டது. மாகாணங்களில் முதலிடம் கோவாவுக்கு. அடுத்த இடம் புதுச்சேரிக்கு. புதுச்சேரியில் வயது வந்தவர்களில் 100-க்கு 26 பேர்! வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு தெருவில் நடந்தால், நாம் எதிர்ப்படும் பெரியவர்களில் நால்வருக்கு ஒருவர் அந்தத் திண்ணைப் பெரியவரின் வழியில் நடந்துகொண்டிருக்கக் கூடும். மற்றொரு பக்கம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருகின்றன. 2019-ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் அவற்றின் காரணமாகவே மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புதிய வழி தேவை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆகவே பச்சிலையைக் குப்பையில் எறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சரியான பரிசோதனையில் தேறிய தாவரமும் உண்டு. வட அமெரிக்காவில் விளையும் கிரான்பெர்ரி என்னும் பழத்தில் உள்ள ஒரு பொருள், சிறுநீர்ப் பாதையில் கிருமி ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2023-ல் ஆராய்ந்தபோது, அடிக்கடி அந்நோய் காணும் பெண்களுக்கு அது மீண்டும் வருவதை அப்பழம் ஓரளவு குறைப்பதாகத் தெரிந்தது. வந்த நோயை அது தீர்க்கும் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வரையறுத்துச் சொல்கிறார்கள். நம் மஞ்சளுக்கும் வேம்புக்கும் சீரகத்துக்கும் அப்படி ஒரு வரையறை வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்கு வேண்டிய சாமக்கிரியை புதுச்சேரியில் குறைவா? 1823-ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தோன்றிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இருக்கிறது. பாகூர்க் கொம்யூனிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காலாப்பட்டில் ஆராய்ச்சி சாலை இருக்கிறது. வேலியோரத்தில் மூலிகை இருக்கிறது. நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. கண்ணாடித் தட்டுக்கும் திண்ணைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் பாக்கி. வழித்துச் சுத்தம் செய்த புண்ணில், முறையான மருந்துகளோடு கூட, தாவரப் பொருள் கலந்த கட்டு ஒன்றை அளவு தெரிந்து வைத்துப் பார்க்கலாம். வைக்காத நோயாளிகளோடு ஒப்பிட்டு, பலனானாலும் பலனின்மையானாலும் ஒளிக்காமல் வெளியிடலாம். பலனில்லை என்று தெரிந்தாலும் அது தேசத்துக்கு லாபமே. இன்னொரு வீட்டில் ஐந்து வாரம் மிச்சமாகும்.

பரிசோதனை என்றால் பாரம்பரியத்துக்கு அவமதிப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். பாகூர் மண் அப்படி எண்ணிய மண் அன்று. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களின் வருவாயைத் தானமாக எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. கற்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் ஊர்களையே எழுதிவைத்தார்கள் நம் முன்னோர். அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதில் அவர்களுக்கு வருத்தம் இராது.

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் காரியத்தைச் செய்யட்டும். அதுவரையில் நம் வீடுகளில் செய்யக் கூடியவை சில உண்டு. தண்ணீர்க் குடத்தையும் தொட்டியையும் கழுவுவதோடு நில்லாமல் தேய்க்க வேண்டும். பல்லையும் அப்படியே. குச்சியானாலும் பிரஷ்ஷானாலும், கொப்பளிப்பது மாத்திரம் போதாது என்று லேவன்ஹுக் 1683-லேயே காட்டிவிட்டார். வைத்தியர் எழுதிக் கொடாத கிருமிக்கொல்லி மருந்தைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. சமையலில் மஞ்சளைத் தாராளமாகப் போடலாம்; சர்க்கரை வியாதிக்காரர் பாதத்துப் புண்ணில் அதைப் பற்றுப் போடலாகாது. அவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். தாமே குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சிறு கீறலானாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

நாம் விடைபெற்றுக்கொண்டபோது பொழுது சாய்ந்திருந்தது. மகள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வந்து தந்தையின் வலது பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "தினமும் இதே உபத்திரவம், ஐயா. பொண்ணு கையிலே காலைக் குடுக்கவே கூச்சமா இருக்குது" என்று அவர் நம்மிடம் முறையிட்டார்.

"பேசாம இருங்கப்பா, இந்தக் கால்ல அஞ்சும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் ஒவ்வொரு விரலாக விலக்கி விளக்கைக் காட்டிப் பார்த்தாள்.